வெள்ளிக்கிழமைச் சாப்பாடு முதல் டீன் அலுவலகம் வரை: அமெரிக்க மேற்படிப்பில் யூத மாணவர் வாழ்க்கைக்கு ஒரு முழு வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் பி.எச்.டி. செய்தேன். அதில் நான்கு வருடம் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு யூத மாணவர். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு வா என்று கூப்பிட்டார், போனேன். மூன்றாம் வருடம் பார்த்தால், அங்கே இருந்த யூத மேற்படிப்பு மாணவர் சங்கத்துக்கு நான்தான் பொருளாளர். யூதரல்லாதவன் எப்படி என்றால், பல்கலைக்கழகத்தில் பதிவான மாணவர் சங்கங்கள் பொதுவாக எல்லா மாணவருக்கும் திறந்திருக்க வேண்டும். அதோடு, ரசீதுகளைத் தொலைக்காமல் வைத்திருந்த ஆள் அந்த வருடம் நான் ஒருவன்தான்.

ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரர் வீட்டிலிருந்து அழைப்பு வந்து, என்ன கொண்டுபோவது, எப்படி நடந்துகொள்வது என்று விழிக்கிறீர்களா? உங்களுக்காகத்தான் இது. கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு யூத மாணவர்கள் எப்படி நிர்வாகத்தை அசைக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள நினைப்பவருக்கும் உதவும். நான் பார்த்தவரை எந்தக் காரியத்தையும் அவர்கள் கூட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் பழகிய ஆட்கள்தான் பிறகு டீன் அறைக் கதவைத் தட்டினார்கள். அதனால் நானும் மேசையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்

இளங்கலை மாணவருக்கு எல்லாம் தயாராக இருக்கும். 1923ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹில்லெல் என்ற அமைப்பு இன்று நூற்றுக்கணக்கான வளாகங்களில் இருக்கிறது. பல இடங்களில் தனிக் கட்டடம், ரபி என்ற யூத மதகுரு, சமையலறை எல்லாம் உண்டு. ஹசீதிய மரபைச் சேர்ந்த ஹபாத் இயக்கம் 1969ல் லாஸ் ஏஞ்சலஸில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் தன் முதல் வளாக இல்லத்தைத் திறந்தது. அங்கே ரபியும் அவர் மனைவியும் குழந்தைகளோடு குடியிருந்து, வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடுகிறார்கள்.

மேற்படிப்பு மாணவர் கதை வேறு. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நடுவில் போய் உட்கார இருபத்தெட்டு வயதுக்காரருக்குக் கூச்சம். ஊர் ஜெப ஆலயத்துக்குப் போனால் எல்லாரும் குடும்பஸ்தர்கள், சந்தா கட்டுகிறவர்கள். ஆள் ஒரு பக்கம் ஆய்வகத்தில், ஒரு பக்கம் ஆஸ்பத்திரி டியூட்டியில், வீடோ பஸ்ஸில் அரை மணி தூரத்தில். எம்.பி.ஏ. இரண்டு வருடத்தில் முடிந்துவிடும், சட்டம் மூன்று, மருத்துவம் நான்கு. முனைவர் படிப்பு எப்போது முடியும் என்று கடவுளுக்கே தெரியாது. இந்த இடைவெளியில்தான் தனிச் சங்கம் தேவைப்படுகிறது. 2006ல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் ஆரம்பித்த மொய்ஷே ஹவுஸ் பிடித்ததும் இதே வயதுக்காரர்களைத்தான். சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் இருப்பார்கள், மாதாமாதம் நிகழ்ச்சிகள் நடத்துவார்கள், அதற்கு ஈடாக வாடகையில் உதவி கிடைக்கும்.

யூதர் என்றால் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஷபாத் என்ற வார ஓய்வு நாளில் மின்விளக்கைத் தொடாத, கட்டுப்பாடான ஆர்த்தடாக்ஸ் பிரிவு மாணவர் பக்கத்தில், கடவுள் நம்பிக்கையே இல்லாத ஆனால் பஸ்கா என்ற வசந்த காலப் பண்டிகையின் விருந்தைத் தவறவிடாத ஒருவர் உட்கார்ந்திருப்பார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்று பிரிவுகள். இஸ்ரேலிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்தவர், ரஷ்ய மொழி பேசும் வீட்டுப் பிள்ளை, ஈரானிய வம்சாவளிக்காரர் என்று கலந்து இருப்பார்கள். அம்மா மட்டும் அல்லது அப்பா மட்டும் யூதராக இருப்பவர்களும் வருவார்கள். "நீங்கள் பாதி யூதரா?" என்று கேட்டுவைக்காதீர்கள். நான் கேட்டேன். அந்த இரவு முழுக்க ரொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் படி: வெள்ளிக்கிழமை

யூத நாள் சூரியன் மறையும்போது தொடங்குகிறது. ஷபாத் வெள்ளி மாலையில் ஆரம்பித்து, சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிற வரை. மறைவுக்குப் பதினெட்டு நிமிடம் முன்பு மெழுகுவர்த்தி ஏற்றுவது பரவலான வழக்கம். ஜூன் மாதத்தில் இதில் சிரமமே இல்லை. டிசம்பரில் பாஸ்டன் பக்கம் நான்கேகால் மணிக்கே சூரியன் போய்விடும். மூன்று மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்திலிருந்து கிளம்புகிற ஆளைப் பார்த்து "சோம்பேறி" என்று நினைக்காதீர்கள்.

சங்கத்தின் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நேரம் புதன்கிழமை இரவு. பணம் வியாழனுக்குள் வந்துவிட வேண்டும், ஏனென்றால் ஷபாத் தொடங்கிய பிறகு கட்டுப்பாடாக இருப்பவர்கள் காசைத் தொட மாட்டார்கள், எழுத மாட்டார்கள், போனை எடுக்க மாட்டார்கள். வாசலில் நின்று ஐந்து டாலர் வசூலிக்கலாம் என்று பொருளாளர் நினைத்தால் நடக்காது. முதல் மாதம் எனக்குக் கையிலிருந்து போனது.

கோஷர் என்ற யூத உணவு விதிகளை ஒரே பத்தியில் சொல்ல முடியாது. உங்களுக்கு வேண்டியது மட்டும்: பன்றி, சிப்பி மீன் வகை கிடையாது, இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேராது, இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம். இந்தப் பாத்திர விஷயத்தில்தான் நம்மவர்கள் வழுக்குவார்கள். "நான் சைவம், என் சாம்பாரில் என்ன தப்பு" என்று ஒரு குண்டான் நிறையக் கொண்டுபோனேன். சாம்பாரில் தப்பில்லை, குண்டான்தான் பிரச்சினை. நேற்று அதில் என்ன வேகவைத்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வெட்டாத பழம், இல்லையென்றால் வட்டத்துக்குள் ஆங்கில யு எழுத்துப் போட்ட மாதிரியான கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட் கொண்டுபோங்கள். ஒயின் வாங்குவதானால் முன்கூட்டியே கேளுங்கள். யூதரல்லாதவர் கை பட்டால் சாதாரண கோஷர் ஒயின்கூடச் சிலருக்கு ஆகாது. சூடாக்கிப் பக்குவப்படுத்திய "மெவுஷால்" வகைக்கு அந்தத் தடை இல்லை.

மேசையில் நடப்பது இப்படி. முதலில் பாட்டு, அப்புறம் ஒயின் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கிதூஷ் ஆசீர்வாதம். பிறகு ஒவ்வொருவராகப் போய் இரண்டு பிடி உள்ள குவளையால் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவார்கள். அதற்கும் ரொட்டி பிட்கிற வரைக்கும் நடுவில் யாரும் பேச மாட்டார்கள். இது தெரியாமல் நான் பக்கத்தில் இருந்தவரிடம் "உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி?" என்று கேட்டேன். அவர் புருவத்தை மட்டும் தூக்கிக் காட்டினார். கோபமாக்கும் என்று நினைத்து இன்னொருவரிடம் கேட்டேன். அவரும் அதே மாதிரி! துணியால் மூடி வைத்திருந்த இரண்டு ஹல்லா ரொட்டிகளை எடுத்து, ஆசீர்வாதம் சொல்லி, உப்புத் தொட்டுப் பிட்டுக் கொடுத்த பிறகுதான் எல்லா வாயும் திறந்தது. அப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

அடுத்து விளக்கு. ஷபாத்தில் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எரிய வேண்டிய விளக்கு வெள்ளி மாலையே எரிய வேண்டும். அடுப்புக்குப் பதில் சூடான தட்டு, வெந்நீருக்கு ஒரு பெரிய மின்கெட்டில். கதவைத் திறந்தால் எரியும் ஃபிரிட்ஜ் பல்பைக் கழற்றி வைத்துவிடுவார்கள். குளியலறைத் தாளைக்கூட முன்பே கிழித்து அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, குளியலறைக்குப் போய்விட்டு வெளியே வந்தேன். வந்தவன் பழக்க தோஷத்தில் விளக்கை அணைத்துவிட்டேன். "கரண்ட் பில்லை உங்க அப்பனா கட்டுவான்" என்று பதினெட்டு வருடம் கேட்டு வளர்ந்த கை அது. மேசையில் இருபது பேர், சாப்பாடு பாதியில், இரவு முழுக்க அந்த ஒரே குளியலறை.

யாரும் என்னிடம் "போடு" என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. தான் செய்யக்கூடாத வேலையை யூதரல்லாதவரிடம் ஏவிச் செய்யச் சொல்வதும் தடைதான். என் அறைத்தோழர் சீலிங்கைப் பார்த்துக்கொண்டு, "அங்கே ரொம்ப இருட்டாக இருக்கும் போல" என்றார். எனக்குப் புரியவில்லை. எதிரே இருந்த சட்டக்கல்லூரிப் பெண், "உங்களுக்கு மறுபடியும் குளியலறைக்குப் போக வேண்டியிருக்கிறதா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எனக்காக நான் விளக்குப் போட்டுக்கொண்டால், அந்த வெளிச்சத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம். எழுந்து போய், போட்டு, கையைக் கழுவி, அணைக்காமல் வந்தேன். மேசையே கைதட்டியது.

இன்னும் ஒன்று. கட்டுப்பாடான ஆண்களும் பெண்களும் எதிர்ப்பாலாரோடு கைகுலுக்காமல் இருக்கலாம். அவர்கள் கை நீட்டும்வரை காத்திருங்கள். நமக்கு வணக்கம் சொல்லிப் பழக்கம் என்பதால் இது எளிது.

மூன்றாம் படி: சங்கத்தைப் பதிவு செய்தல், காசு

இது சலிப்பான பகுதி, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சில மாணவர்களின் கையெழுத்து, ஒரு விதிமுறைத் தாள், பல இடங்களில் ஒரு பேராசிரியர் ஆலோசகர். இவை இருந்தால் மேற்படிப்பு மாணவர் பேரவையிடம் நிதி கேட்கலாம். பேரவைகள் பெரும்பாலும் "எல்லா மாணவரும் வரலாமா?" என்று பார்த்துத்தான் பணம் தருவார்கள். வழிபாட்டுக்கு என்று கேட்டால் இழுத்தடிப்பார்கள், "கலாச்சார இரவு உணவு" என்று கேட்டால் எளிதில் கிடைக்கும். ஹில்லெலிலும் ஹபாத்திலும் மேற்படிப்பு மாணவருக்கென்று ஆள் இருந்தால், சமையலறையை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். கோஷர் இறைச்சி விலை அதிகம், அதனால் மாதத்தில் மூன்று வாரம் காய்கறிச் சாப்பாடு போட்டால் கணக்கு நிற்கும். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருகிற நாளில் இரண்டு மேசை போடுங்கள்: முத்திரை உள்ளது ஒரு மேசை, மற்றது இன்னொன்று. எது எந்த மேசை என்று எழுதி ஒட்டும் வேலை வெள்ளி மாலைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

நான்காம் படி: நாட்காட்டி

வருடத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து செய்தால் போதும். செய்யாவிட்டால் வருடம் முழுக்க அடிபட வேண்டும். யூத நாட்காட்டி நம் பஞ்சாங்கம் மாதிரி நிலவையும் சூரியனையும் சேர்த்துப் பார்க்கிறது. பத்தொன்பது வருடத்தில் ஏழு தடவை ஒரு மாதம் கூடுதலாகச் சேரும். அதனால் பண்டிகைகள் ஆங்கிலத் தேதியில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு நகரும் என்றால், 2025ல் ரோஷ் ஹஷானா என்ற புத்தாண்டு செப்டம்பர் 23, 24, உபவாச நாளான யோம் கிப்பூர் அக்டோபர் 2, கூடாரப் பண்டிகையான சுக்கோத் தொடக்கம் அக்டோபர் 7, 8, முடிவு 14, 15. ஏழு நாளும் வாரநாட்கள். பருவத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள், கட்டுப்பாடான மாணவர் ஒருவர் ஏழு வகுப்பு நாட்களை இழக்கிறார். 2026ல் அதே பண்டிகைகளில் செப்டம்பர் 21 திங்கட்கிழமை ஒன்றுதான் வாரநாள், மற்றதெல்லாம் சனி ஞாயிறு. "போன வருடம் சமாளித்தாயே" என்று சொல்லும் பேராசிரியரிடம் இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 2027ல் பஸ்கா ஏப்ரல் 21 மாலை தொடங்கி, 22, 23 வியாழன் வெள்ளியிலும் 28, 29 புதன் வியாழனிலும் விழுகிறது. பருவத் தேர்வுக்கு முந்தைய வாரங்கள் அவை. இப்போதே குறித்து வையுங்கள்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் துறைத் தலைவருக்கும் மேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கும் ஒரே பக்கத்தில் கடிதம் போக வேண்டும். தேதிகள், "முந்தைய மாலையிலேயே தொடங்கும்" என்ற குறிப்பு, அந்த நாட்களில் தகுதித் தேர்வு வைக்க வேண்டாம் என்ற ஒற்றை வேண்டுகோள், அவ்வளவுதான். வரலாறு எழுத வேண்டாம், மனவருத்தமும் எழுத வேண்டாம். நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற மாநிலங்களில் மத நாளுக்காகத் தேர்வைத் தவறவிட்டால் மாற்று வாய்ப்புத் தரவேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. கற்பித்தல் உதவியாளராகச் சம்பளம் வாங்குகிறவர் ஊழியரும்கூட, ஆகவே வேலைவாய்ப்புச் சட்டமும் துணைக்கு வரும். 2023ல் உச்ச நீதிமன்றம், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், சின்னச் சிரமத்தைச் சாக்காகச் சொல்லி முதலாளி மத வசதியை மறுக்க முடியாது என்று தீர்த்தது.

சட்டத்தைக் காட்டுமுன் ஆளைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் யோம் கிப்பூர் அன்று செல் வளர்ப்புகளுக்கு நான் உணவு மாற்றினேன், பொங்கலுக்கு என் முறையை என் அறைத்தோழர் எடுத்துக்கொண்டார். ஆறு வருடமும் எந்தக் கடிதமும் தேவைப்படவில்லை.

பஸ்கா வாரத்துக்கு ஒரு தனிக் குறிப்பு, தமிழ்ச் சமையலறைக்காரர்களுக்கு. அந்த எட்டு நாளும் கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற தானியங்களில் புளிக்கக்கூடிய எதுவும் வீட்டிலேயே இருக்கக் கூடாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும்! டப்பாவின் பின்னால் படித்துப் பாருங்கள். ஐரோப்பிய அஷ்கெநாசி மரபினர் பலர் அரிசி பருப்பும் சாப்பிட மாட்டார்கள், செஃபார்தி மரபினர் சாப்பிடுவார்கள். கன்சர்வேட்டிவ் ரபிகளின் குழு 2015 டிசம்பரில் அரிசி பருப்பைத் தம் மக்கள் எல்லாருக்கும் அனுமதித்தது. ஒரே வீட்டில் இரண்டு மரபும் இருந்தால் ஃபிரிட்ஜில் நடுத்தட்டு எல்லைக்கோடு ஆகிவிடும். எங்கள் வீட்டில் என் பெருங்காய டப்பா எட்டு நாள் ஆய்வகத்து மேசை டிராயரில் இருந்தது. ஆய்வகமே மணத்தது.

ஐந்தாம் படி: ஒரு கோரிக்கையை நகர்த்துவது

முன்னால் செய்தவர்களைப் பார்த்துவிட்டு வருவோம். 1964 ஏப்ரலில் ஜேக்கப் பிர்ன்பாம் என்பவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டி, நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கிடைக்காத சோவியத் யூதருக்கான மாணவர் போராட்டக் குழுவை ஆரம்பித்தார். விடுதி விடுதியாக அறைக் கதவைத் தட்டித்தான் ஆள் சேர்த்தார். சில நாளிலேயே, மே 1ல், நியூயார்க்கில் சோவியத் தூதுக்குழு அலுவலகத்தின் முன்னால் ஆயிரம் மாணவர்கள் போல நின்றார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அமெரிக்காவின் வர்த்தகச் சட்டத்திலேயே, குடிபெயர விடாத நாடுகளுக்குச் சலுகை இல்லை என்ற பிரிவு வந்தது.

இரண்டாவது, 1972. எஸ்ரத் நாஷிம் என்ற பெயரில் நியூயார்க்கில் பத்துப் பெண்கள் அளவில் ஒரு படிப்பு வட்டம். மேற்படிப்பு மாணவிகளும் அதில் இருந்தார்கள். பிறகு யேலில் வரலாற்றுப் பேராசிரியரான பவுலா ஹைமன் அவர்களில் ஒருவர். கூட்டு வழிபாட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும், அதற்கு மின்யான் என்று பெயர். கன்சர்வேட்டிவ் பிரிவில் அப்போது அந்தப் பத்தில் பெண்ணை எண்ண மாட்டார்கள். கன்சர்வேட்டிவ் ரபிகளின் மாநாட்டில் இவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் கோரிக்கைத் தாளை எடுத்துக்கொண்டு நேரே போனார்கள். பெண்களை மின்யானில் எண்ண வேண்டும், ரபி ஆக விட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருந்தார்கள். அடுத்த வருடமே மின்யானில் எண்ணலாம் என்று குழு முடிவு செய்தது. ரபி ஆவதற்கு 1985 வரை ஆனது.

மூன்றாவதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். அட்லாண்டாவில் உள்ள எமரி பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவக் கல்லூரி. 1948 முதல் 1961 வரை ஒரே டீன். அந்தக் காலத்தில் அங்கே சேர்ந்த யூத மாணவரில் 65 சதவீதம் பேர் வெளியேற்றப்பட்டார்கள் அல்லது ஒரு வருடத்தைத் திரும்பப் படிக்க வைக்கப்பட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் வெள்ளையர், யூதர், மற்றவர் என்று மூன்று கட்டம் இருந்தது. பையன்கள் தங்களுக்குத்தான் மூளை போதவில்லை என்று நினைத்து, அவமானத்தில் பெற்றோரிடம்கூடச் சொல்லாமல் இருந்தார்கள். யூத வெறுப்பை எதிர்க்கும் அவதூறு எதிர்ப்புச் சங்கத்தின் அட்லாண்டா அதிகாரி ஆர்ட் லெவின், யார் எத்தனை பேர் தோற்றார்கள் என்று எண்ணி ஒரு வரைபடம் போட்டார். டீன் 1961ல் விலகினார், காரணத்தைப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ளவில்லை. 1952ல் வெளியேற்றப்பட்டு, வேறு கல்லூரியில் படித்து வாய் அறுவை மருத்துவரான பெரி பிரிக்மன், 2006ல் ஒரு கண்காட்சியில் அந்த வரைபடத்தைப் பார்த்தார். பழைய தோழர்களைத் தேடிப்போய், ஒவ்வொருவரையும் கேமராவில் பேச வைத்தார். 2012 அக்டோபரில் பல்கலைக்கழகத் தலைவர் அவர்கள் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டார்.

ஐம்பது வருடம் கழித்து ஒரு வரைபடம் வேலை செய்திருக்கிறது. அதனால் எந்தக் கோரிக்கையானாலும் முதல் வேலை எண்ணுவது. எங்கள் சங்கத்தில் சுடுதண்ணீர் வசதியோடு ஒரு கோஷர் மைக்ரோவேவ் கேட்டபோதும் அதைத்தான் செய்தோம். எத்தனை பேர், எந்தக் கட்டடம், வாரத்தில் எத்தனை வேளை என்று இரண்டு வாரம் குறித்தோம். பிறகு "ஆம்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தேடினோம். டீன் என்று நினைத்தோம், கடைசியில் அது கட்டடப் பராமரிப்பு மேலாளர். அவருக்கு ஒரு ஹல்லா ரொட்டியும் ஒரு பக்கத் தாளும் கொடுத்தோம். மைக்ரோவேவ் வந்தது. டீனுக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் அதற்கும் மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது.

ஆறாம் படி: வெறுப்பு நேரிட்டால்

நுழைவுக்கு ஒதுக்கீட்டு உச்சவரம்பு போடவேண்டும் என்று 1922ல் ஹார்வர்டின் தலைவரே வெளிப்படையாகப் பேசிய காலம் போய்விட்டது. இன்று வருவது கதவில் கிறுக்கிய ஸ்வஸ்திகா, வகுப்புக் குழுவில் ஒரு கிண்டல் படம், "உன் ஆட்கள்தானே" என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம். (நம் வீட்டு வாசலில் ஸ்வஸ்திகா கோலம் போடுகிறவர்கள் அமெரிக்காவில் அது எப்படிப் படிக்கப்படும் என்பதை நினைவில் வையுங்கள். நல்ல மனதோடு கேட்டால், விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள்.)

அன்றைக்கே எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பார்த்தவர் யார். படம் எடுங்கள். அழிக்கச் சொல்வது அப்புறம். பிறகு பல்கலைக்கழகத்தின் பாகுபாட்டுப் புகார் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றைச் சொல்கிறது, மதம் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் ஒரே வம்சாவளி என்ற அடிப்படையில் யூதரும், அதேபோல முஸ்லிம், சீக்கிய, இந்து மாணவரும் காப்பாற்றப்படலாம் என்று அமெரிக்க அரசின் கல்வித் துறை 2004 முதல் விளக்கம் கொடுத்துவருகிறது. பல்கலைக்கழகம் அசையாவிட்டால் அந்தத் துறையின் சிவில் உரிமை அலுவலகத்துக்குப் போகலாம். சம்பவத்திலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும். ஒருவர் கருத்து பிடிக்காதது வேறு, ஒருவரைக் குறிவைத்துத் தொந்தரவு செய்வது வேறு. இரண்டையும் ஒரே புகாரில் குழப்பினால் உண்மையான தொந்தரவும் தள்ளுபடி ஆகும். வரைவை எழுதியவரைத் தவிர இன்னொருவர் படிக்காமல் அனுப்பாதீர்கள்.

2018 அக்டோபர் 27ல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் பதினொரு பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாசல் காவல் என்பது சங்க வேலைகளில் ஒன்றாகிவிட்டது. வீட்டு முகவரியைப் பொது அறிவிப்பில் போடாதீர்கள், பெயர் கொடுத்தவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாசலில் நிற்பவர் சிரித்த முகமாகவும் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்தவராகவும் இருக்க வேண்டும். ஷபாத்தில் பேனா எடுத்து டிக் அடிக்க முடியாதே. அந்த வேலையும் பல வாரம் எனக்கு வந்தது.

ஏழாம் படி: உள்ளே வரும் சண்டை

இஸ்ரேல் பற்றிய பேச்சு. இதைத் தவிர்த்துவிட்டு வழிகாட்டி எழுத முடியாது. 2010ல் ஹில்லெல் தன் கூட்டாளிகள் யார் யாராக இருக்கலாம் என்று விதி வகுத்தது. இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் அமைப்புகள் அதில் வராது. அதை எதிர்த்து 2012ல் ஹார்வர்ட் மாணவர்கள் "திறந்த ஹில்லெல்" என்று ஆரம்பித்தார்கள். 2023 அக்டோபர் 7க்கும் காசா போருக்கும் பிறகு இது பல மடங்கு ஆனது. 2024 ஏப்ரலில் கொலம்பியாவில் கூடாரப் போராட்டம் நடந்தபோது, யூத மாணவர் சிலர் கூடாரங்களுக்கு நடுவிலேயே பஸ்கா விருந்து நடத்தினார்கள். அதே வாரம் அதே வளாகத்தோடு தொடர்புடைய ஒரு ரபி, யூத மாணவர்கள் வீட்டுக்குப் போவது நல்லது என்று செய்தி அனுப்பினார். அந்த வளாகத்தில் எந்த யூத மாணவரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த ஏப்ரல் வேறு வேறு மாதமாக இருக்கும்.

என்ன செய்யலாம்? நான் பார்த்து வேலை செய்தது ஒன்றுதான். சங்கத்தின் பெயரில் அறிக்கை விட உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று, சண்டை வராத மாதத்திலேயே விதியில் எழுதி வைத்துவிடுங்கள். தனிப்பட்ட முறையில் யாரும் எதிலும் கையெழுத்துப் போடலாம், சங்கப் பதவியைப் போடக் கூடாது. வெள்ளிக்கிழமை மேசையில் பேசலாம், தீர்மானம் போடக் கூடாது. இந்த ஏற்பாடு பிடிக்காமல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் போனார்கள். சிலர் தனிக் குழு தொடங்கினார்கள். அதுவும் சரி. அறிக்கை விடுவதா வேண்டாமா என்று தமிழ்ச் சங்கங்கள் உடைந்ததைப் பார்த்தவருக்கு இதில் எந்த வரியும் புதிதாக இருக்காது. உங்களிடம் வந்து "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டால் நினைப்பதைச் சொல்லுங்கள். ஆனால் ஒரு யூத மாணவரைப் பார்த்ததும் முதல் கேள்வியாக அதைக் கேட்காதீர்கள். அவர் ஈஸ்ட் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர்.

எட்டாம் படி: கொடுத்துவிட்டுப் போவது

மேற்படிப்புச் சங்கங்களைக் கொல்வது பகை அல்ல, பட்டமளிப்பு விழா. மே மாதம் தலைவர், செயலாளர், எல்லாம் தெரிந்த ஆள் மூவரும் ஒரே விமானத்தில் போய்விடுவார்கள். செப்டம்பரில் வருகிறவருக்கு வங்கிக் கையெழுத்து யாரிடம் என்றே தெரியாது. ஏப்ரலுக்குள் தேர்தலை முடித்து, பழையவரும் புதியவரும் சேர்ந்து இரண்டு வெள்ளிக்கிழமையாவது நடத்த வேண்டும். முதல் வருட மாணவர் ஒருவர் கட்டாயம் குழுவில் இருக்க வேண்டும், முனைவர் படிப்புக்காரராக இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் ஒரு நோட்டு, கணினியில் வைத்தாலும் ஒரு பிரதி தாளில். மின்கெட்டில் எந்த அலமாரியில், பால் கத்தி எது இறைச்சிக் கத்தி எது (எங்களுக்கு நீலம் பால், சிவப்பு இறைச்சி), அறை முன்பதிவுக்கு எந்த ஊழியரிடம் நயமாகப் பேச வேண்டும், யாருக்குக் கொட்டை ஒவ்வாமை, பேரவை நிதி விண்ணப்பத்தின் கடைசி நாள், போன வருடம் எத்தனை பேர் வந்தார்கள். நான் பட்டம் வாங்கி மூன்று வருடம் கழித்து அந்த ஊருக்குப் போனேன். புதிய குழுவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் சமையலறையில் அந்த நோட்டு கிடந்தது, புரட்டினேன். "வெள்ளி மாலைக்கு முன்" என்ற தலைப்பில் ஆறாவது வரி: குளியலறை விளக்கு சுவிட்சின் மேல் டேப் ஒட்டவும், இந்திய விருந்தினர் வருவதாக இருந்தால் இரண்டு டேப்.